ஃப்ராய்டும் சைக்கோஅனாலிசிஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ராய்டு பேரு எடுத்தாலே "எல்லாத்துக்கும் செக்ஸ்தான் காரணம்னு சொன்ன ஆளுதானே"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. இல்லன்னா மனசோட ரகசியத்தையெல்லாம் தனியாளா தோண்டி எடுத்த மகான் ரேஞ்சுக்கு ஏத்தி விட்டுடுறாங்க. ரெண்டுமே எனக்கு ஒத்து வரல. என்னைக் கேட்டா சைக்கோஅனாலிசிஸ்ல பாதி அவரு யோசிச்சது, மீதி பாதி அவர்கிட்டயும் அவரோட ஃப்ரெண்டு டாக்டர்கிட்டயும் வந்த பேஷண்டுங்க, முக்கியமா பொம்பளைங்க, கத்துக்கொடுத்தது. கீழ இருக்கிற பதில்கள்ல அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலா இடம் குடுத்திருக்கேன்.

யாருங்க இந்த ஃப்ராய்டு? சுருக்கமா சொல்லுங்க.

சிக்மண்ட் ஃப்ராய்டு. 1856 மே 6ல பொறந்தாரு, 1939 செப்டம்பர் 23ல லண்டன்ல இறந்தாரு, நடுவுல கிட்டத்தட்ட 78 வருஷம் வியன்னா. சைக்கோஅனாலிசிஸ், பாடப்புத்தகத்துல உளப்பகுப்பாய்வுன்னு போடுவாங்களே, பேஷண்ட மனசு விட்டுப் பேச வெச்சு உள்ள அமுங்கிக் கிடக்குறதத் தேடுற வைத்தியம், அத ஆரம்பிச்சு வெச்சவரு.

சைக்யாட்ரிஸ்டா, சைக்காலஜிஸ்டா?

ரெண்டும் இல்ல, நியூராலஜிஸ்ட், அதாவது நரம்பு டாக்டர். 1873ல வியன்னா யுனிவர்சிட்டில மெடிசின் சேர்ந்தாரு, ஆனா நோயாளி பாக்கணும்ங்கிற ஆசையெல்லாம் பெருசா கிடையாது, ஆராய்ச்சிதான் இஷ்டம். 1876ல ட்ரியெஸ்ட் துறைமுகத்துக்கு அனுப்பி, ஆண் விலாங்கு மீனுக்கு விதைப்பை எங்க இருக்குன்னு தேடச் சொன்னாங்க, அப்போ அது ஒரு தீராத சந்தேகம், மனுஷன் உக்காந்து சுமார் 400 விலாங்க அறுத்துப் பாத்திருக்காரு. (பின்னாடி அவரு எழுதின விஷயங்கள வெச்சு இதுல ஜோக் அடிக்காத ஆளே கிடையாது, நான் விட்டுடுறேன்.) அப்புறம் எர்ன்ஸ்ட் ப்ரூக்கேங்கிற ப்ரொபசரோட லேப்ல வருஷக்கணக்கா மைக்ராஸ்கோப்போட கிடந்தாரு. 1881ல டாக்டர் பட்டம் வாங்கியாச்சு. 1882ல மார்த்தா பெர்னேஸ்ங்கிற பொண்ணோட நிச்சயம் ஆச்சு, லேப் வேலைய நம்பி குடும்பம் நடத்த முடியாதுப்பான்னு ப்ரூக்கேயே எடுத்துச் சொல்ல, ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாரு. கல்யாணத்துக்குக் காசு வேணுமேன்னுதான் அவரு பேஷண்ட் பக்கமே வந்தது. அப்படியும் கல்யாணம் நடக்க நாலு வருஷம் ஆச்சு, 1886 செப்டம்பர்ல. ஆறு புள்ளைங்க, கடைசிப் பொண்ணு அன்னா பின்னாடி அப்பா தொழிலுக்கே வந்தாங்க.

வீட்டுல எப்படி? சின்ன வயசு?

பொறந்தது மொராவியாவுல ஃப்ரைபெர்க்னு ஒரு சின்ன ஊரு, இன்னிக்கு செக் நாட்டுல இருக்கு, பேரு ப்ரிபோர். யூதக் குடும்பம். அப்பா யாக்கோப் கம்பளி வியாபாரி, இவரு பொறக்கும்போதே அவருக்கு 40 வயசு, அம்மா அமாலியாவுக்கு 20 சொச்சம்தான். அப்பாவோட மூத்த தாரத்துப் பசங்க ரெண்டு பேரு ஏற்கெனவே வளந்த ஆம்பளைங்க, அதுல ஒருத்தரோட பையன் ஃப்ராய்டவிட ஒரு வயசு மூத்தவன், அதாவது சித்தப்பாவவிட அண்ணன் மகன் பெரியவன். இவருக்கு அடுத்துப் பொறந்த தம்பி ஜூலியஸ் கைக்குழந்தையாவே செத்துப்போச்சு, அது வந்தப்போ பொறாமைப்பட்டதும் அது போனதும் தனக்குள்ள ஒரு குத்த உணர்ச்சிய விட்டுட்டுப் போச்சுன்னு இவரே பின்னாடி லெட்டர்ல எழுதுறாரு. வியாபாரம் படுத்ததும் குடும்பம் 1859ல கிளம்பி 1860ல வியன்னா வந்து சேர்ந்துச்சு.

அப்பா சொன்ன ஒரு கதை அவரு மனச விட்டுப் போகவே இல்ல. அப்பா சின்ன வயசுல புது ஃபர் குல்லா போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்து போயிருக்காரு, எதிர்ல வந்த ஒருத்தன் குல்லாவத் தட்டி சேத்துல விட்டுட்டு "டேய் யூதா, நடைபாதைய விட்டு எறங்கு"ன்னு கத்தியிருக்கான். நீங்க என்ன பண்ணீங்கன்னு பையன் கேட்டா, எறங்கிப் போய் குல்லாவ எடுத்துக்கிட்டேன்னு அப்பா சாதாரணமா சொல்றாரு. பத்து பன்னெண்டு வயசுப் பையனுக்கு அது பெரிய ஏமாத்தம். அப்பா புள்ளை உறவப் பத்தி அவரு எழுதினதையெல்லாம் படிக்கும்போது இந்தச் சம்பவம் பின்னாடி நிக்கிற மாதிரியே எனக்குத் தோணும்.

கொக்கெய்ன் போட்டாருங்கிறது உண்மையா?

உண்மை. 1884ல அது புது மருந்து, சட்டப்படி தடையும் இல்ல, கம்பெனிகிட்ட வாங்கித் தானும் சாப்பிட்டாரு, காதலிக்கும் அனுப்புனாரு, ஆகா ஓகோன்னு ஒரு கட்டுரையும் எழுதுனாரு. அதோட நின்னிருந்தா பரவால்ல. எர்ன்ஸ்ட் ஃப்ளைஷ்ல்னு ஒரு நண்பர், ப்ரூக்கே லேப்ல சீனியர், பெரிய மூளைக்காரரு, கட்டைவிரல் வெட்டி எடுத்ததுல நரம்பு வலி தாங்காம மார்ஃபினுக்கு அடிமையா இருந்தாரு. மார்ஃபின்லேர்ந்து வெளிய கொண்டு வரேன்னு ஃப்ராய்டு அவருக்குக் கொக்கெய்ன் குடுத்தாரு, கடைசில மனுஷன் ரெண்டுக்கும் அடிமையாகி, தோல் மேல பாம்பு ஊருதுன்னு அலறுற நிலைமைக்குப் போயி, 1891ல 45 வயசுல செத்தாரு. ட்ரீட்மென்ட் நல்லாப் போகுதுன்னு ஃப்ராய்டு வெளிய எழுதுனதுக்கும் உள்ள நடந்ததுக்கும் சம்பந்தமே இல்ல. சுத்தி வளைக்காம சொன்னா, முடிவு வர்றதுக்கு முன்னாடியே வெற்றின்னு எழுதுற அந்தப் பழக்கம் அவரவிட்டு முழுசாப் போகவே இல்ல.

இதுல இன்னொரு கூத்து, கண்ணுல ரெண்டு சொட்டு விட்டா மரத்துப்போகும், ஆபரேஷன் பண்ணலாம்ங்கிற அந்த மருந்தோட நிஜமான உபயோகத்தக் கண்டுபிடிச்சது அவரோட நண்பர் கார்ல் கோல்லர், அதுவும் ஃப்ராய்டு மார்த்தாவப் பாக்க ஊருக்குப் போயிருந்த சமயத்துல.

நரம்பு டாக்டர் எப்படி மனசு பக்கம் வந்தாரு?

பாரிஸ். 1885 அக்டோபர்லேர்ந்து சில மாசம் சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரில ஷார்கோங்கிற பெரிய நியூராலஜிஸ்ட்கிட்ட ஸ்காலர்ஷிப்ல போய் இருந்தாரு. அங்க ஹிஸ்டீரியா பேஷண்டுங்கள மேடைல நிக்க வெச்சு, ஹிப்னாடிசம் பண்ணி, கை விளங்காமப் போற மாதிரி ஆக்கிக் காட்டுவாரு ஷார்கோ, திரும்ப சரி பண்ணியும் காட்டுவாரு. வெறும் சொல்லால ஒரு கையை முடக்க முடியுதுன்னா நோயோட வேரு நரம்புல இல்லாம நினைப்புல இருக்கலாமேன்னு அங்கதான் பொறி தட்டிருக்கு. திரும்பி வந்து 1886ல கிளினிக் போட்டாரு, மூத்த பையனுக்கு ஷார்கோ பேரையே வெச்சாரு.

ஹிஸ்டீரியா, ஹிஸ்டீரியாங்கிறீங்களே, அப்படின்னா?

அந்தக் காலத்து ஐரோப்பாவுல உடம்புல கோளாறு எதுவும் கண்டுபிடிக்க முடியாத, ஆனா கை கால் வராது, பார்வை மங்கும், பேச்சு நிக்கும், இருமல் நிக்காது, இந்த மாதிரி எல்லாத்தையும் போட்டு அடைச்ச ஒரு மூட்டை. பெரும்பாலும் பொம்பளைங்களுக்குத்தான் அந்த லேபிள் குத்துவாங்க. நிறைய டாக்டருங்க நடிப்புன்னே முடிவு கட்டிட்டாங்க, மத்தவங்க கரண்ட் ஷாக், குளிர்ந்த தண்ணிக் குளியல், ஓய்வுன்னு குடுத்துக் காசு வாங்கிக்கிட்டாங்க. இன்னிக்கு மருத்துவத்துல அந்தப் பேரே எடுத்தாச்சு.

அன்னா ஓ. யாரு? அவங்கதான் முதல் பேஷண்டாமே?

ஆமா, ஆனா ஃப்ராய்டோட பேஷண்ட் இல்ல, இத முக்கால்வாசி பேரு மாத்திச் சொல்றாங்க. வைத்தியம் பண்ணவரு யோசெஃப் ப்ராயர், ஃப்ராய்டவிட 14 வயசு மூத்தவரு, வியன்னாவுல ரொம்ப மரியாதையான ஃபேமிலி டாக்டரு, நல்ல ஆராய்ச்சியாளரும்கூட, கஷ்டத்துல இருந்த ஃப்ராய்டுக்குக் காசும் குடுத்து உதவுனவரு.

அன்னா ஓ.ங்கிறது புத்தகத்துல வெச்ச மறைவுப் பேரு. நிஜப்பேரு பெர்த்தா பாப்பன்ஹைம், வசதியான யூதக் குடும்பத்துப் பொண்ணு, பயங்கர அறிவு, ஆனா பொண்ணுன்னு ஸ்கூலோட படிப்ப நிறுத்தி வீட்டுல உக்கார வெச்சுட்டாங்க. 1880ல, 21 வயசுல, படுக்கைல விழுந்த அப்பாவ ராத்திரி பகலா பாத்துக்கிட்டாங்க, அப்போ ஆரம்பிச்சது. வலது கை வராது, கால் வராது, மாறுகண், இருமல், பாம்பு தெரியுதுன்னு பயம், அப்பா இறந்ததும் இன்னும் மோசம். ஒரு கட்டத்துல தாய்மொழி ஜெர்மனே மறந்துபோயி மாசக்கணக்குல இங்கிலீஷ் மட்டும்தான் பேசுனாங்க.

ப்ராயர் தினமும் வந்து பக்கத்துல உக்காருவாரு. சாயங்காலம் ஒரு மாதிரி மயக்க நிலைக்குப் போவாங்க, அப்போ பகல்ல மனசுல ஓடுன கதையெல்லாம் சொல்ல விட்டா எழுந்திருக்கும்போது நிம்மதியா இருப்பாங்க. அப்புறம் ஒரு வெயில் காலத்துல தண்ணியே குடிக்க முடியல, டம்ளர் உதட்டுல பட்டா தள்ளி விட்டுடுவாங்க, பழத்த வெச்சே ஆறு வாரம் ஓட்டுனாங்க. ஒருநாள் மயக்கத்துல பேசும்போது, வீட்டுல துணைக்கு இருந்த இங்கிலீஷ்காரம்மாவோட நாய் அவங்க டம்ளர்லேயே தண்ணி குடிச்சதப் பாத்ததையும், அருவருப்பா இருந்தும் மரியாதைக்காக வாய மூடிக்கிட்டதையும் கோவத்தோட சொல்லித் தீத்துட்டு, தண்ணி குடுங்கன்னு கேட்டு வாங்கிக் குடிச்சுக்கிட்டே முழிச்சாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு தொந்தரவா எடுத்து, அது எப்ப ஆரம்பிச்சதுன்னு பின்னாடி பின்னாடி போய்ப் பேசிக் கரைக்க ஆரம்பிச்சாங்க ரெண்டு பேரும்.

இதுக்கு "பேச்சு வைத்தியம்"னு பேரு வெச்சதே பெர்த்தாதான், இங்கிலீஷ்ல. இன்னும் ஜாலியா "சிம்னி சுத்தம் பண்றது"ன்னும் சொல்லுவாங்களாம். சைக்கோஅனாலிசிஸோட முதல் டெக்னிக்குக்குப் பேரு வெச்சது எந்த டாக்டரும் இல்ல, ஸ்கூலோட நிறுத்தப்பட்ட ஒரு பொண்ணு, இத நான் அடிக்கடி சொல்லுவேன்.

சரி, அவங்க குணமானாங்களா?

1895ல ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து போட்ட ஹிஸ்டீரியா ஆய்வுகள் புத்தகத்துல குணமாயிட்டாங்கன்னுதான் இருக்கு. நடந்தது வேற. 1882 கோடைல ப்ராயர் வைத்தியத்த முடிச்ச கையோட சுவிட்சர்லாந்துல க்ரோய்ட்ஸ்லிங்கன் சானடோரியத்துல சேத்தாங்க, முக வலிக்குப் போட்ட மார்ஃபினுக்குப் பழகிப்போயிருந்தாங்க, அதுக்கப்புறமும் சில வருஷம் ஆஸ்பத்திரி வாசம்தான். இதெல்லாம் 1970கள்ல எல்லன்பெர்கர்ங்கிற வரலாற்றாசிரியர் அந்த சானடோரியம் ரெக்கார்ட தோண்டி எடுத்தப்புறம்தான் வெளிய தெரிஞ்சது.

ஆனா கதை அங்க முடியல. 1888ல அம்மாவோட ஃப்ராங்ஃபர்ட் போனாங்க, பெண் குழந்தைங்க அனாதை இல்லத்த நடத்துனாங்க, 1904ல ஜெர்மன் யூதப் பெண்கள் சங்கத்த ஆரம்பிச்சாங்க, 1907ல நொய் ஈசன்புர்க்ல கைவிடப்பட்ட பொண்ணுங்களுக்கும் கல்யாணம் ஆகாம தாயான பொண்ணுங்களுக்கும் ஒரு விடுதி கட்டுனாங்க, பொண்ணுங்களக் கடத்தி விக்கிறத எதிர்த்து ஊர் ஊரா அலைஞ்சாங்க. 1954ல மேற்கு ஜெர்மனி அவங்களுக்கு ஸ்டாம்பே போட்டுச்சு. அன்னா ஓ.வும் இவங்களும் ஒரே ஆளுன்னு 1953ல ஃப்ராய்டோட சிஷ்யர் எர்னஸ்ட் ஜோன்ஸ் எழுதுன ஃப்ராய்டு வாழ்க்கை வரலாறுலதான் உலகத்துக்கே தெரிஞ்சுது, அப்போ அவங்க செத்து 17 வருஷம் ஆயிருந்துச்சு. ப்ராயரால கர்ப்பம்னு கற்பனை பண்ணி வலியெடுத்துத் துடிச்சாங்க, அவரு பயந்து ஓடிட்டாருன்னு ஒரு கதை சுத்துது பாருங்க, அதுக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்ல, ரொம்ப வருஷம் கழிச்சு ஃப்ராய்டு ஊகமா சொன்னது.

ஹிப்னாடிசத்த ஏன் விட்டாரு?

ஒண்ணு, அவருக்கு அது சரியா வரல, நிறைய பேரு தூங்கவே மாட்டாங்க. ரெண்டு, வந்த குணம் நிக்கல. மூணாவதுதான் சுவாரஸ்யம், பேஷண்டுங்களே அவர மாத்துனாங்க. எம்மி ஃபான் என்.னு புத்தகத்துல வர்ற பணக்கார விதவை, சும்மா சும்மா இது எங்கேர்ந்து வந்துச்சு அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, நான் சொல்ல வந்தத சொல்ல விடுங்கன்னு எரிஞ்சு விழுந்தாங்க. ஃப்ராய்டு அத அப்படியே ஒத்துக்கிட்டு எழுதியும் வெச்சிருக்காரு, இந்த நேர்மைய நாம மெச்சணும். அப்புறம் கொஞ்ச காலம் நெத்தில கை வெச்சு அமுக்கி இப்ப ஞாபகம் வரும்னு சொல்லிப் பாத்தாரு, அதையும் விட்டாரு. கடைசில மிஞ்சுனது ஒரே விதி: மனசுல என்ன வருதோ, அசிங்கமோ அல்பமோ சம்பந்தமில்லாததோ, வடிகட்டாம அப்படியே சொல்லிடணும். டாக்டர் குறுக்க வராம கேக்கணும்.

கேக்கத்தான் ரொம்ப பொறுமை வேணும், அது அவருக்கு எப்பவும் இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. எலிசபெத் ஃபான் ஆர்.னு ஒரு பொண்ணு கால் வலின்னு வந்தாங்க. அக்கா செத்துக் கிடக்கும்போது, இனிமே அக்கா புருஷன் நம்மளக் கட்டிக்கலாமேன்னு ஒரு நினைப்பு மின்னல் மாதிரி வந்து போச்சு, அந்த நினைப்ப அமுக்குனதுதான் கால் வலியாச்சுன்னு ஃப்ராய்டு சொன்னாரு, கேஸ் படிக்க நாவல் மாதிரியே இருக்கும். அந்தம்மா வயசானப்புறம் பொண்ணுகிட்ட என்ன சொன்னாங்கன்னா, தாடி வெச்ச ஒரு சின்ன வயசு டாக்டர்கிட்ட அனுப்புனாங்க, அக்கா புருஷன் மேல எனக்கு ஆசைன்னு நம்ப வைக்கப் பாத்தாரு, அப்படியெல்லாம் இல்லன்னு.

பேஷண்ட படுக்க வெக்கிற அந்த சோபா எதுக்கு?

ஹிப்னாடிசம் காலத்து மிச்சம். 1890 வாக்குல ஒரு பேஷண்ட் பரிசா குடுத்தது, மேல பெர்சியன் கம்பளம் விரிச்சிருக்கும், தலைமாட்டுல கண்ணுல படாத மாதிரி இவரு உக்காருவாரு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஆளுங்க என் மூஞ்சியவே உத்துப் பாக்குறத என்னால தாங்க முடியாதுன்னு காரணத்த வெளிப்படையாவே எழுதியிருக்காரு. ஒரு செஷன் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், வாரத்துல ஆறு நாள். 1891லேர்ந்து 1938 வரைக்கும் வியன்னா பெர்க்காஸ்ஸ 19ம் நம்பர் வீட்டுலதான் எல்லாம் நடந்துச்சு, இப்ப அது மியூசியம். சோபா மட்டும் லண்டன்ல இருக்கு.

குழந்தைங்க மேல நடக்குற பாலியல் கொடுமைய அவரு மூடி மறைச்சாருன்னு சொல்றாங்களே?

பெரிய சண்டை நடக்குற கேள்வி இது. 1896 ஏப்ரல்ல வியன்னா டாக்டர்கள் கூட்டத்துல, 18 ஹிஸ்டீரியா கேஸ் பாத்தேன், அத்தனையிலயும் சின்ன வயசுல பாலியல் கொடுமை நடந்திருக்குன்னு பேசுனாரு. தலைமை தாங்குன சைக்யாட்ரிஸ்ட் க்ராஃப்ட் எபிங், கேக்க விஞ்ஞான தேவதைக் கதை மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாரு. அந்த வருஷம் அக்டோபர்ல ஃப்ராய்டோட அப்பா இறந்தாரு. அடுத்த வருஷம், 1897 செப்டம்பர் 21ம் தேதி, நண்பர் ஃப்ளீஸ்ஸுக்கு எழுதுன லெட்டர்ல அந்தக் கொள்கைய இனிமே நான் நம்பலன்னு சொல்றாரு. காரணமும் அடுக்குறாரு: எந்தக் கேஸையும் முழுசா முடிக்க முடியல, இந்தக் கணக்குப்படி என் அப்பா உட்பட எல்லா அப்பாவையும் குத்தவாளி ஆக்கணும், மனசோட அடியாழத்துல நிஜத்தையும் ஆசை கலந்த கற்பனையையும் பிரிச்சுக் காட்ட அடையாளம் எதுவும் இல்ல.

இங்கேர்ந்துதான் நடந்த சம்பவத்தவிட மனசுக்குள்ள ஓடுற கற்பனையும் ஆசையும் முக்கியம்ங்கிற பக்கம் வண்டி திரும்புது, சைக்கோஅனாலிசிஸ் பொறந்ததே இங்கதான்னு சொல்றவங்க உண்டு. 1984ல ஜெஃப்ரி மேசன், ஃப்ராய்டு லெட்டர்கள பதிப்பிச்சவரு, சக டாக்டருங்க ஒதுக்குனதுல தைரியம் இழந்துட்டாருன்னு புத்தகம் போட்டாரு. எதிர்த்தரப்பு என்ன சொல்லுதுன்னா, அந்த 18 பேரும் தானா வந்து எனக்கு இப்படி நடந்துச்சுன்னு சொல்லவே இல்ல, இவருதான் அழுத்தி அழுத்தி அந்தக் காட்சிய வரவெச்சாரு, அதனால முதல் கொள்கையே ஆட்டம்தான்னு. அவரோட சொந்தக் கட்டுரையப் படிச்சா இந்த எதிர்த்தரப்புக்குத்தான் வலு ஜாஸ்தின்னு எனக்குப் படுது. ஆனா விளைவு மோசம்தான், இதுல சந்தேகமே வேணாம். பின்னாடி வந்த எத்தனையோ அனாலிஸ்டுங்க நிஜமா கொடுமைக்கு ஆளான பொண்ணுங்களையும் "அது உன் கற்பனை"ன்னு அனுப்பி வெச்சதுக்கு இந்தத் திருப்பம் வழி விட்டுச்சு. நடக்கவே நடக்காதுன்னு ஃப்ராய்டு எப்பவும் சொல்லல, நடக்குதுன்னு கடைசி வரைக்கும் ஒத்துக்கிட்டாரு, ஆனா அழுத்தம் வேற பக்கம் போயிடுச்சு.

ஃப்ளீஸ் யாரு?

பெர்லின்ல காது மூக்கு தொண்டை டாக்டர். மூக்குக்கும் பாலுறுப்புக்கும் நேரடி சம்பந்தம், மனுஷ வாழ்க்கை 23, 28ங்கிற நம்பர்ல சுத்துது, இப்படியெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தவரு, ஃப்ராய்டு அத வாயப் பொளந்து நம்புனாரு. 1895ல எம்மா எக்ஸ்டைன்னு ஃப்ராய்டோட பேஷண்டுக்கு ஃப்ளீஸ் வந்து மூக்குல ஆபரேஷன் பண்ணிட்டுப் போனாரு, ரத்தம் நிக்கல, நாத்தம் வேற, இன்னொரு டாக்டர் வந்து பாத்தா உள்ள அரை மீட்டர் நீளத்துக்குத் துணிய மறந்து விட்டுட்டுப் போயிருக்காரு. எம்மா சாவுக்குப் பக்கம் போயிட்டு வந்தாங்க, முகமும் ஒரு பக்கம் கோணிப்போச்சு. ஃப்ராய்டு அப்போ கலங்கித்தான் போனாரு, ஆனா அடுத்த வருஷமே அந்த ரத்தப்போக்கு ஹிஸ்டீரியா, ஏக்கத்துல வந்ததுன்னு ஃப்ளீஸுக்கு ஆறுதலா எழுதுறாரு. எனக்கு அவரு மேல இருக்கிற பெரிய கோவம் இதுதான்.

இந்த லெட்டர்கள அழிச்சுடணும்னுதான் ஃப்ராய்டு விரும்புனாரு. அவரோட சிஷ்யையும் நெப்போலியன் வம்சத்து இளவரசியுமான மேரி போனபார்ட் 1930கள்ல ஒரு வியாபாரிகிட்ட அத விலைக்கு வாங்கி, அவரு எவ்வளவு கேட்டும் அழிக்க மாட்டேன்னு நின்னாங்க. இன்னிக்கு ஃப்ராய்ட குத்தம் சொல்ல நம்ம கையில இருக்குற ஆதாரம் பாதி அந்தம்மா காப்பாத்துனது.

கனவு புத்தகம் உடனே ஹிட் ஆச்சா?

எங்க ஆச்சு! 1899 நவம்பர்ல வெளிய வந்துச்சு, அட்டைல 1900ன்னு போட்டாங்க, அச்சடிச்சதே 600 காப்பி, அது வித்து முடிய எட்டு வருஷம். அப்பா செத்தப்புறம் தன்னோட கனவையே தானே அலசி எழுதுனது, அதனால பாதிப் புத்தகம் சுயசரிதை மாதிரி இருக்கும். கனவுல நேரா தெரியற கதை மேல்பூச்சு, உள்ள ஒரு ஆசை ஒளிஞ்சிருக்கு, அது மாறுவேஷம் போட்டு வெளிய வருதுங்கிறது சாரம். முதல்ல அலசுனது 1895 ஜூலை 24ல வந்த கனவு, இர்மாங்கிற பேஷண்டுக்கு யாரோ அழுக்கு ஊசி போட்டுட்டாங்க, தப்பு தன் மேல இல்லன்னு. இத எம்மா விஷயம் நடந்து சில மாசத்துல கண்டிருக்காருங்கிறத சேத்துப் பாருங்க. புத்தகத்துல ஃப்ளீஸ் ஆபரேஷன் பத்தி மூச்சு விடல.

பாம்பு வந்தா இது, பல்லு விழுந்தா அதுன்னு கனவுக்குப் பலன் சொல்ற அகராதி அது இல்ல. கனவு கண்டவங்களே ஒவ்வொரு துண்டுக்கும் என்ன ஞாபகம் வருதுன்னு சொல்லணும்னுதான் அவரு விதி. பின்னாடி பதிப்புகள்ல இந்தச் சின்னம் இதக் குறிக்கும்னு பட்டியல் போட ஆரம்பிச்சது அவரு விதிய அவரே மீறுனது.

ஈடிபஸ் காம்ப்ளெக்ஸ், இட், ஈகோ, சூப்பர் ஈகோ?

பரிட்சைக்கு வேணும்னா: சின்னப் பையனுக்கு அம்மா மேல ஆசை, அப்பா மேல போட்டி, இது ஈடிபஸ், 1897லயே லெட்டர்ல வந்துடுச்சு. வேணும் வேணும்ங்கிற இட், கூடாதுங்கிற சூப்பர் ஈகோ, நடுவுல ரெண்டையும் வெளி உலகத்தையும் சமாளிக்கிற ஈகோ, இது ரொம்ப லேட், 1923ல. பொண்ணுங்களுக்கு ஆண்குறி பொறாமைன்னு சொன்னத 1920கள்லயே கரேன் ஹார்னி, அவங்களும் அனாலிஸ்ட்தான், வெச்சு வாங்கிட்டாங்க.

டோரா கேஸ் ஏன் இவ்வளவு திட்டு வாங்குது?

வாங்கணும். நிஜப்பேரு இடா பாவர், 1900ல 18 வயசு. அப்பாவுக்கு ஃப்ரெண்டோட மனைவியோட தொடர்பு, அந்த ஃப்ரெண்டு இந்தப் பொண்ணு சின்னப் புள்ளையா இருக்கும்போதே கட்டிப்புடிச்சு முத்தம் குடுத்திருக்கான், பின்னாடி ஏரிக்கரைல நேராவே கேட்டிருக்கான், அறைஞ்சுட்டு வந்துட்டா. அப்பா நம்பல, நம்புனா தன் வண்டவாளம் வெளிய வரும். பொண்ண ஃப்ராய்டுகிட்ட கூட்டிட்டு வந்து புத்தி சொல்லுங்கன்னு விட்டாரு. ஃப்ராய்டு அவ சொன்னத நம்புனாரு, அது வரைக்கும் சரி. ஆனா உனக்கு உள்ளுக்குள்ள அந்தாளு மேல காதல், அதான் அருவருப்பா மாறுதுன்னு திரும்பத் திரும்ப நிரூபிக்கப் பாத்தாரு. 11 வாரம் பொறுத்துட்டு டிசம்பர் 31ம் தேதியோட வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அடுத்து அவளே அந்தக் குடும்பத்துக்கிட்ட நேரா போய்க் கேட்டு உண்மைய ஒத்துக்க வெச்சா. ஃப்ராய்டு 1905ல கேஸ வெளியிடும்போது, பேஷண்ட் டாக்டர் மேல ஏத்தி வைக்கிற பழைய உணர்ச்சிகள நான் கவனிக்கத் தவறிட்டேன்னு எழுதுனாரு. இன்னிக்கு எல்லா தெரபிஸ்ட்டும் படிக்கிற அந்தக் கருத்து இந்தத் தோல்விலேர்ந்து வளந்தது.

யுங்கோட ஏன் சண்டை?

1902ல புதன்கிழமை ராத்திரி வீட்டுல நாலஞ்சு டாக்டருங்க கூடிப் பேச ஆரம்பிச்சதுதான் 1908ல வியன்னா சங்கமாச்சு. 1907ல சூரிச்லேர்ந்து கார்ல் யுங்னு ஒரு சைக்யாட்ரிஸ்ட் வந்தாரு, முதல் சந்திப்புலயே 13 மணி நேரம் பேசுனாங்களாம். 1909ல ரெண்டு பேரும் அமெரிக்காவுல க்ளார்க் யுனிவர்சிட்டிக்குக் கப்பல்ல போனாங்க, 1910ல உலக சங்கம் ஆரம்பிச்சு யுங்க தலைவராக்குனாரு. 1911ல அந்தப் புதன்கிழமைக் கூட்டத்து ஆளு ஆட்லர் பிரிஞ்சு போனாரு, 1913ல யுங். எல்லா உந்துதலும் பாலியல்தான்ங்கிறத யுங் ஏத்துக்கல, ஃப்ராய்டும் விட்டுக்குடுக்கல, கூடவே அப்பா புள்ளை மாதிரி ஈகோ பிரச்சனை. இத வெச்சு ஏகப்பட்ட பேரு எழுதியாச்சு, இங்க இது போதும்.

இந்தியாவோட ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, கல்கத்தா. கிரீந்திரசேகர் போஸ்னு ஒரு டாக்டர், 1921ல அமுக்கப்பட்ட எண்ணங்கள் பத்தி எழுதுன தன் ஆய்வ வியன்னாவுக்கு அனுப்பி ஃப்ராய்டோட கடிதத் தொடர்பு வெச்சுக்கிட்டாரு, 1922ல இந்திய சைக்கோஅனாலிசிஸ் சங்கத்த ஆரம்பிச்சாரு. ரெண்டு பேரும் நேர்ல பாத்ததே இல்ல. போஸ் சும்மா தலையாட்டல, நீங்க ஐரோப்பாவுல பாக்குறது இங்க என் பேஷண்டுங்ககிட்ட அப்படியே இல்லைங்கன்னு மரியாதையா எழுதுனாரு, ஃப்ராய்டு பெருசா கண்டுக்கல. 1931ல 75வது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவுலேர்ந்து தந்தத்துல செஞ்ச விஷ்ணு சிலை போச்சு, அவரு மேஜை மேலயே வெச்சுக்கிட்டாரு. குளிர்ல அதுல விரிசல் விட, கல்கத்தாவுக்குப் பழகுன சாமிக்கு வியன்னா க்ளைமேட் ஒத்துக்கலையோன்னு டைரில எழுதியிருக்காரு.

நோபல் கிடைச்சுதா?

இல்ல. மருத்துவத்துக்குப் பல தடவை இவரு பேர சிபாரிசு பண்ணாங்க, 1936ல இலக்கியத்துக்குக்கூட ஃப்ரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலண்ட் சிபாரிசு பண்ணாரு. 1930ல ஜெர்மனியோட கெத்தே பரிசு கிடைச்சது, அதுகூட எழுத்துக்காக.

"சில சமயம் சுருட்டு வெறும் சுருட்டுதான்"னு சொன்னாரா?

சொன்னதுக்கு ஆதாரம் இல்ல. ஆனா சுருட்டு ஒரு நாளைக்கு 20 வரைக்கும் போகும், அது நிஜம்.

கடைசிக் காலம் எப்படி?

கஷ்டம். 1920ல பொண்ணு சோஃபி ஸ்பானிஷ் ஃப்ளூவுல போனாங்க, 1923ல சோஃபியோட நாலரை வயசுப் பையன் டிபில போனான், அந்தப் பேரன் போனதுலேர்ந்து எனக்கு வாழ்க்கைல ருசியே இல்லன்னாரு. அதே 1923ல மேல் தாடைல கேன்சர். அடுத்த 16 வருஷத்துல 30க்கு மேல ஆபரேஷன், வாய்க்குள்ள பெரிய செயற்கைத் தாடை, பேச்சு குழறும், ஒரு காது கேக்காது. பேச்சையும் கேக்குறதையும் நம்பித் தொழில் பண்ண மனுஷனுக்கு இது வந்துச்சு, அப்படியும் பேஷண்ட் பாக்குறத விடல, சுருட்டையும் விடல.

1933ல நாஜிங்க அவரு புத்தகத்த பெர்லின்ல எரிச்சாங்க. 1938 மார்ச்ல ஹிட்லர் ஆஸ்திரியாவப் புடிச்சதும் நாஜி ரகசிய போலீஸ் கெஸ்டபோ வீட்டுக்கு வந்துச்சு, மார்ச் 22ல பொண்ணு அன்னாவ விசாரணைக்குக் கூட்டிட்டுப் போயி சாயங்காலம் விட்டாங்க, அதுவரைக்கும் போக மாட்டேன்னு அடம்புடிச்ச மனுஷன் அன்னிக்குத்தான் மசிஞ்சாரு. மேரி போனபார்ட் பணம் கட்ட, எர்னஸ்ட் ஜோன்ஸ் இங்கிலாந்துல அனுமதி வாங்க, ஜூன் 4ம் தேதி ரயில் ஏறுனாங்க. அவரோட தங்கச்சிங்க நாலு பேர கூட்டிட்டுப் போக முடியல, நாலு பேருமே நாஜி முகாம்கள்ல செத்தாங்க. இது எதுவும் தெரியுறதுக்கு முன்னாடியே ஃப்ராய்டு போயிட்டாரு. வலி தாங்க முடியாமப் போனப்போ, முன்னாடியே பேசி வெச்சிருந்தபடி டாக்டர் மாக்ஸ் ஷுர்கிட்ட கேட்டாரு, அவரு மார்ஃபின் போட்டாரு, 1939 செப்டம்பர் 23. போர் ஆரம்பிச்சு மூணு வாரம்.

இதெல்லாம் அறிவியல்தானா? இன்னிக்கு யாராவது பண்றாங்களா?

எந்தப் பதில் வந்தாலும் தன் கொள்கை சரின்னு சொல்லிக்க வழி இருந்தா அது அறிவியல் இல்லன்னு கார்ல் பாப்பர்ங்கிற தத்துவவாதி சொன்னது இன்னும் நிக்குது. ஈடிபஸ் மாதிரி விஷயங்களுக்குப் பெருசா ஆதாரம் சேரல. நமக்கே தெரியாம மனசுல நிறைய ஓடுதுங்கிறத இன்னிக்கு சைக்காலஜி ஏத்துக்குது, ஆனா அது ஃப்ராய்டு வர்ணிச்ச மாதிரி பூட்டி வெச்ச ஆசைகளோட கிடங்கு இல்ல. வாரத்துல அஞ்சாறு நாள் சோபால படுக்குற வைத்தியம் பல நாடுகள்ல சுருங்கிடுச்சு, அர்ஜென்டினாவுல மட்டும் இன்னும் ஜோரா நடக்குது, பியூனஸ் ஐரிஸ்ல ஒரு ஏரியாவுக்கு வில்லா ஃப்ராய்டுன்னே செல்லப் பேரு. அதுலேர்ந்து கிளைச்ச குறுகிய கால தெரபிங்களுக்கு ஓரளவு நல்ல ஆய்வு முடிவுகள் இருக்கு. இப்ப எங்க பாத்தாலும் சொல்றாங்களே சிபிடி, நினைப்பையும் நடத்தையையும் மாத்தப் பாக்குற தெரபி, அத உருவாக்குன ஆரன் பெக்கும் சைக்கோஅனாலிசிஸ் படிச்சுட்டு வெளிய வந்தவருதான்.

படிக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?

1909ல க்ளார்க் யுனிவர்சிட்டில பேசுன அஞ்சு லெக்சர். சின்னது, சுலபம், குறிப்பே இல்லாம பேசுனது. ஆரம்பிச்சதுமே இந்தப் பெருமை என்னோடது இல்ல, ப்ராயரோடதுன்னு சொல்லிட்டு பெர்த்தா கதைக்குள்ள போயிடுவாரு. அஞ்சு வருஷம் கழிச்சு 1914ல, அது என் தாராளம், சைக்கோஅனாலிசிஸ் என் படைப்புன்னு மாத்தி எழுதிட்டாரு, அத ரெண்டாவதா படிங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுட்டு அப்புறம் டோரா. கனவு புத்தகத்த நேரா எடுத்துடாதீங்க, முதல் அத்தியாயம் முழுக்க பழைய ஆளுங்க என்ன சொன்னாங்கன்னு ஒரு சுமை இருக்கு, அதுலயே நிறைய பேரு மூடி வெச்சுடுறாங்க. ரெண்டாவது அத்தியாயத்துல, இர்மா கனவுலேர்ந்து ஆரம்பிங்க.